செகந்திராபாத் பிள்ளைகளின் ஆர்க்டிக் மொட்டு

2008 ஜூன். மாரெட்பள்ளியிலிருந்து ஷம்சாபாத்தின் புது விமான நிலையத்துக்கு நாற்பது கிலோமீட்டர். டாக்சிக்கு எழுநூறு ரூபாய். வழியெல்லாம் என் கணவர் இரண்டே விஷயம் பேசினார். ஒன்று, டாக்சிக்காரர் அடித்த கொள்ளை. இன்னொன்று, "அங்க போயும் சண்டே வேலை நக்கோ, வேண்டாம் எஸ்தர். ஹவ்வா?"

எனக்குச் சொல்லவே வேண்டாம். மூன்று தலைமுறையாகச் செகந்திராபாத்தில் இருந்தாலும் எங்கள் வீட்டு ஞாயிறு திருநெல்வேலி ஞாயிறுதான். சர்ச்சுக்குப் போவோம், சனிக்கிழமை வைத்த குழம்பைச் சுடவைப்போம். விடைத்தாள் மலைபோல் குவிந்திருந்தாலும் தொடமாட்டேன்.

விமானத்தில் பக்கத்து இருக்கை மதுரைப் பையன் லேப்டாப் பையை அணைத்தபடி, "எந்தக் கம்பெனி ஆன்ட்டி? ஆன்சைட்டா?" என்றான்.

"நான் சயின்ஸ் டீச்சர் தம்பி. அலாஸ்காவுல செடி அளக்கப் போறேன்."

"செடிய அளக்கவா இம்புட்டுத் தூரம்?" என்றவன் சற்று நேரத்தில் தூங்கிவிட்டான்.

விஞ்ஞானிகளின் களப்பணியில் ஆசிரியர்களைச் சேர்க்கும் திட்டம் அது. ஃபேர்பேங்க்ஸிலிருந்து வடக்கே அறுநூறு கிலோமீட்டர், பெரும்பகுதி சரளைச் சாலை. முகாமில் இறங்கிப் பார்த்தால் ஒரு மரம் கிடையாது. கண்ணுக்கெட்டிய மட்டும் கணுக்கால் உயரச் செடிகள், பாசி, அதற்கடியில் உறைந்த மண். சூரியன் மறைவதே இல்லை. மிதித்த இடம் தேற வருஷக்கணக்காகும் என்பதால் பலகைப் பாதையில்தான் நடக்க வேண்டும். கயிறு கட்டிய சிறு சதுரங்களில் எந்தப் பூ எந்த நாளில் மலர்கிறது எனத் தினமும் குறிப்பதே வேலை. பூமி சூடேற ஏறப் பூக்கள் முந்திக்கொள்கின்றனவா என்று அதை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறார்கள்.

குழுத்தலைவி கேரன் ஒரு சதுரத்தை என் எட்டாம் வகுப்புக்கே கொடுத்துவிட்டார். அதில் கறுப்பு ரோமம் போர்த்திய ஒற்றைப் பாப்பி மொட்டு. ஈமெயிலில் படம் போனதும் வகுப்பு இரண்டு கட்சியானது: மஞ்சள், வெள்ளை. நானே பார்த்துச் சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

சனிக்கிழமை மாலை கேரன் கேட்டார்: "நாளைக்கு உங்களுக்கு ஓய்வு. உங்கள் மொட்டை நான் பார்த்துவிடட்டுமா?"

"வேண்டாம். இன்னும் இறுக்கமாகத்தான் இருக்கிறது. திங்கட்கிழமை நானே பார்க்கிறேன்" என்றேன். என் பிள்ளைகளின் பூவை இன்னொருவர் முதலில் பார்ப்பதா என்ற வீம்புதான், வேறென்ன?

ஞாயிறு நல்ல வெயில். கூடாரத்தில் வேதம் வாசித்தேன், பாட்டுப் பாடினேன். இரவு எட்டு மணிக்கு, பட்டப்பகல் வெளிச்சத்தில், காரிபூ மான் கூட்டம் ஒன்று சதுரங்கள் இருக்கும் பக்கமாகக் கடந்துபோனது. போட்டோ எடுப்பது வேலையாகாது என்று மனத்தைச் சமாதானப்படுத்திக்கொண்டு இஷ்டத்துக்கு எடுத்தேன். அங்கிருந்து எங்கள் சதுரத்துக்குப் பத்து நிமிட நடைதான்.

திங்கள் காலை அங்கே வெறும் காம்பு நின்றது. சுற்றிலும் குளம்படிகள். மொட்டாகத் தின்றதா, பூவாகத் தின்றதா என்று சொல்ல ஓர் இதழ்கூட மிஞ்சவில்லை. "மலர்ந்த நாள் தெரியவில்லை" என்று கேரன் எழுதினார். என்னைத் திட்டியிருந்தால் தேவலை.

ஜூலையில் வகுப்புக்குத் திரும்பினேன். மான் படங்களைக் காட்டினேன். பிள்ளைகள் மானைப் பார்க்கவே இல்லை.

"கலர் என்ன மிஸ்?"

நடந்ததைச் சொன்னேன். தமிழ் வீட்டுப் பிள்ளையானாலும் தெலுங்கு கலந்தே பேசும் பிரியா சுவரிலிருந்த உலகப் படத்தைப் பார்த்து விரல் விட்டு எண்ணினாள்.

"மிஸ், அங்க சண்டே நைட் எய்ட்னா, இங்க எங்களுக்கு மண்டே மார்னிங் கதா? நாங்க க்ளாஸ்ல வெய்ட் பண்ணிட்டு இருந்தோம்."

கணக்குச் சரிதான். அந்த நேர வித்தியாசப் பாடத்தை அவளுக்கு நடத்தியவளே நான்தான்.