கதவுக்குள் உப்பு

நியூ ஜெர்சி போன முதல் குளிர்காலம். எனக்கு எட்டு வயது. மான்மவுத் ஜங்ஷனில் வீடு. பனி பெய்ததும் ஒரு லாரி வந்து ரோட்டில் எதையோ இறைத்துக்கொண்டு போனது. அம்மா குனிந்து ஒரு கல்லைப் பொறுக்கி நாக்கில் வைத்தாள்.

"உப்பு! ரோட்டுல கொட்டுதானுவ!"

தூத்துக்குடியில் அம்மா வீட்டார் எல்லோரும் உப்பளக் கூலிகள். கல்யாணம் வரை அம்மாவும்தான். அமெரிக்காவில் அந்தப் பேச்சை எடுக்காதே என்று அப்பா விமானத்திலேயே சொல்லிவைத்திருந்தார். அவருக்குக் கம்ப்யூட்டர் வேலை. யாராவது கேட்டால், அவங்க வீட்ல உப்பு பிசினஸ் என்பார்.

எங்களிடம் ஒரே கார். பழசு. பனியை உருக்கக் கொட்டும் இந்த உப்பில் துருப்பிடித்தே செத்துப்போகும் என்று ஆபீசில் யாரோ சொல்லிவிட்டார்கள். அப்பாவுக்குச் சோறு இறங்கவில்லை.

"கார் போனா வேலை போச்சு. வேலை போனா விசா போச்சு."

கதவுகளின் அடியில் சின்னச் சின்ன ஓட்டைகள் இருந்தன. ரோட்டுத் தண்ணீர் அவற்றின் வழியாகத்தான் ஏறும் என்று எல்லாவற்றையும் பசை வைத்து அடைத்தார்.

"ஏங்க, மேல கண்ணாடி வழியா எறங்குத தண்ணி எப்படி வெளிய போவும்?" என்று அம்மா கேட்டாள்.

"ஏட்டி, இது உப்பளம் இல்ல. காரு."

பனி உருகிய ஒரு சனிக்கிழமை, கதவைத் திறந்தால் உள்ளே களக் களக் என்றது. அம்மா கொண்டை ஊசியை உருவி அடியில் இருந்த பசையைக் குத்தினாள். பழுப்புத் தண்ணீர் கொட்டியது. விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். துப்பினாள்.

குளியலறையிலிருந்து வெந்நீர் சுமந்து வந்து கண்ணாடி இடுக்கில் ஊற்றினாள். அடியில் ஒழுகுவதைத் தொட்டு மறுபடி நாக்கு. "இன்னும் கெடக்கு." மறுபடி வாளி. நாலு கதவுக்கும் அப்படி. கொஞ்ச நேரத்தில் அப்பாவும் வாளி தூக்கினார். நான் வாயைப் பிளந்து நின்றேன். கண்ணுக்குத் தெரியாததை அவள் நாக்கு பார்த்தது. கடைசிக் கதவில் கண்ணை மூடி, "நல்ல தண்ணி" என்றாள்.

அந்தக் கார் இன்னும் ஆறு குளிர்காலம் ஓடியது. இன்று நான் கார் பட்டறையில் வேலை செய்கிறேன். எந்தக் கதவு வந்தாலும் முதலில் அந்த ஓட்டைகளைத்தான் பார்ப்பேன்.

அந்தச் சனிக்கிழமை நாங்கள் வாளியும் கையுமாக நின்றபோது, பக்கத்து வீட்டு மெட்ராஸ் அங்கிள் பால்கனியில் நின்று சிரித்தார். "என்ன சார், இந்தக் குளிர்ல கார் வாஷா? மேடம் என்ன, ரசம் டேஸ்ட் பண்றாங்களா?"

அப்பா வாளியைக் கீழே வைத்தார். பிசினஸ் என்று சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

"அவ உப்பளத்துல உப்பு அள்ளுனவ சார். அவளுக்குத் தெரியும். நான்தான் தப்பா அடைச்சிட்டேன்."

அம்மா அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். கோட்டுக் கையால் முகத்தைத் துடைத்தாள். குளிரில் மூக்கு ஒழுகுகிறதாக்கும் என்று, நான் உள்ளே ஓடி டிஷ்யூ டப்பாவை எடுத்துவந்து நீட்டினேன்.