இருக்கிறாரா என்று அவரிடமே கேட்டேன்

மனைவியின் கழுத்தில் ஒரு கட்டி. ஊசியால் துளி சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பிப் பத்து நாள் ஆகியிருந்தது. அன்று சாயங்காலம் அடையாறு கேன்சர் ஆஸ்பத்திரியில் ரிப்போர்ட் கிடைக்கும் என்றார்கள். அன்று காலை அவள் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "தெருமுனைப் பிள்ளையாரை என்னோட வந்து ஒரு தடவை கும்பிடுங்க."

நான் பிளஸ் டூ பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லித் தருகிறவன். நிரூபிக்காத எதையும் நம்ப மாட்டேன் என்று கல்யாணமான நாளிலிருந்து வீட்டில் முழங்கி வருகிறேன். அன்றைக்காவது வாயை மூடிக்கொண்டு போயிருக்கலாம். விட்டேனா? பயம் வந்தால் எனக்கு வாய் நீளும்.

"முதல்ல அவர் இருக்காரான்னு தெரியட்டும்" என்றேன்.

"எப்படித் தெரியும்?"

"பூக்கட்டிப் பார்ப்போம்."

இந்த வரனை முடிக்கலாமா, அந்த வீட்டை வாங்கலாமா என்று சாமி முன்னால் பூக்கட்டிப் பார்ப்பார்கள். மயிலாப்பூரில் என் கேள்வியை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். வெள்ளைப் பூ வந்தால் இருக்கிறார், சிவப்பு வந்தால் இல்லை. மனைவி இரண்டையும் தனித்தனி இலையில் மடித்துப் பிள்ளையார் முன்னால் வைத்தாள். கோயில் வாசலில் பூ விற்கிற அம்மா கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்தார். சிவப்பு.

"பார்த்தியா, இல்லை!" என்று துள்ளினேன்.

பூக்காரம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இன்னா நைனா, அவரு இல்லன்னா இப்ப பதில் சொன்னது யாரு?"

அங்கேயே நின்று யோசித்தேன். சிவப்பை நம்பினால் சொன்னவரை நம்ப வேண்டும். நம்பாவிட்டால் சோதனையே செல்லாது. "மூணு தடவை எடுத்துப் பார்க்கலாமா?" என்று கேட்டேன். மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பத்து நாளில் அவள் சிரித்தது அப்போதுதான். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஆனாலும் கும்பிடவில்லை. வீம்பு.

சாயங்காலம் ரிப்போர்ட்டைப் பிரிக்க எனக்குத் தைரியம் வரவில்லை. அவளே பிரித்துப் படித்தாள். "கெட்ட கட்டி இல்லையாம்" என்றாள்.

சாலையோரத்தில் நின்று குழந்தை மாதிரி அழுதேன். கூடவே ஆத்திரமும் வந்தது. "ஒண்ணுமே இல்லாததுக்கு ஏன்யா பத்து நாள் இப்படிப் பயமுறுத்தினே? உனக்கே நல்லா இருக்கா?" என்று கத்தினேன். பஸ்ஸுக்கு நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

மனைவி என் கையைப் பிடித்தாள். "யாரைங்க திட்டுறீங்க?"

அப்போதுதான் கவனித்தேன், நான் வானத்தைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தேன்.