தணிகாசலம் சார் கேட்ட கேள்வி

கல்லூரி ஆபீஸ் போனில் வேதா அக்கா பேசினார். "டாக்டர், அவரு உங்க காலேஜ் வண்டிய வரச் சொல்லியிருந்தாரு. அனுப்புறீங்களா?" யாருக்கு உடம்பு சரியில்லை என்று கேட்கப்போன வாய் பாதியில் நின்றுவிட்டது. எங்கள் உடற்கூறுத் துறையின் வண்டி நோயாளியை ஏற்றிக்கொள்ள வருவதில்லை. அவருடைய கணவர் தணிகாசலம் சார், காலைக் காபி குடித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தவர், எழுந்திருக்கவில்லை. எனக்கு முதலில் அழுகை வரவில்லை. பயம்தான் வந்தது.

சனிக்கிழமை மாலைகளில் பெங்களூர் மல்லேஸ்வரம் தர்ஷினி ஓட்டலில் அவரோடு நின்று காபி குடித்த உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அவர் தத்துவப் பேராசிரியர். நான் மருத்துவக் கல்லூரியில் உடற்கூறு சொல்லிக்கொடுப்பவள். உங்களில் ஒருவர் பௌதிகம், ஒருவர் உளவியல், ஒருவர் சட்டம். நாற்காலி இல்லாத அந்த உயர மேசையைச் சுற்றி அவர் கேட்டது எப்போதும் ஒரே கேள்விதான்: "உங்க துறைல பாக்கறது யாரு, பாக்கப்படறது யாரு? நடுவுல கோடு எங்க போடறீங்க?" மிகச் சின்னதைப் பார்க்கப் போனால் பார்ப்பதே அதை அசைத்துவிடுகிறது என்றார் பௌதிகக்காரர். கவனிக்கிறோம் என்று தெரிந்தாலே ஆள் மாறிவிடுகிறான் என்று புலம்பினார் உளவியல்காரர். கோர்ட்டில் நாள் முழுக்க ஒருவனைப் பற்றியே பேசுவார்கள், அவனுக்கு அதில் ஒரு வார்த்தை புரியாது என்றார் சட்டக்காரர். நான் ஜம்பமாக, "எங்க துறைல இந்தத் தொல்லையே கிடையாது சார். நாங்க பாக்கறது அசையவே அசையாது" என்றேன். எல்லாரும் சிரித்தீர்கள். அவர் மட்டும் தம்ளரை வைத்துவிட்டு, "சரி, பாக்கற நீங்க அசையறீங்களா டாக்டரம்மா?" என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. மனுஷன் காபியை நிம்மதியாகக் குடிக்க விடமாட்டார்.

ஒரு வருஷம் ஆயுத பூஜைக்கு அவரை எங்கள் துறைக்கு அழைத்திருந்தேன். பெங்களூரில் ஆயுத பூஜை என்றால் கேட்க வேண்டுமா? ஆட்டோவிலிருந்து ஆபீஸ் டைப்ரைட்டர் வரைக்கும் சாமந்தி மாலைதான். நாங்களும் கத்தி, ரம்பம், மைக்ராஸ்கோப் எல்லாவற்றையும் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்தோம், வாசலில் பூசணிக்காய் உடைத்தோம். சார் பொரி கடலையைக் கையில் வாங்கிக்கொண்டு, மூடியிருந்த அறுவைக் கூடத்தின் கதவைப் பார்த்தார்.

"கத்திக்குப் பொட்டு வச்சீங்க. உள்ள படுத்திருக்கறவங்களுக்கு?"

"நல்ல நாளும் அதுவுமா பொணத்துக்கு யாராச்சும் பொட்டு வைப்பாங்களா சார்?"

"கத்திக்கு மட்டும் உயிர் இருக்கா?" என்று கேட்டுவிட்டுப் பொரியை மென்றார்.

இந்தக் கேள்வி அவரை ஏன் இப்படிப் பிடித்துக்கொண்டது என்று உங்களில் பலருக்குத் தெரியாது. தொண்ணூற்றொன்றில், காவிரிக்காகத் தமிழர்களைத் தேடி அடித்து ஊர் எரிந்த நாட்களில், ஸ்ரீராம்புரத்தில் பால் வாங்கப் போனவரை ஒரு கூட்டம் மறித்தது. அங்கேயே பிறந்து வளர்ந்தவர், கன்னடத்தில் மேடையேறிப் பேசக்கூடியவர். அன்று பெயரைக் கேட்டபோது அவருக்கு எந்த மொழியிலும் வாய் திறக்கவில்லை. "அவங்க கண்ணுல கோவம்கூட இல்ல டாக்டரம்மா. ரோட்டுல கிடக்கற கல்லைப் பாக்கற மாதிரி பாத்தாங்க. அறியப்படும் பொருள், அறியப்படும் பொருள்னு வகுப்புல இத்தனை வருஷம் கத்தினேனே, அப்படி ஒரு பொருளா நிக்கறது எப்படின்னு அன்னிக்குத்தான் தெரிஞ்சது" என்றார். எதிர்வீட்டுக் கன்னடக்கார அம்மாள் ஓடிவந்து, "நம்ம மேஷ்ட்ரு கணப்பா, பிட்பிடி!" என்று கத்தியிருக்கிறார். நம்ம வாத்தியார்ப்பா, விட்டுடுங்க. அவர்கள் விட்டுவிட்டார்கள். பால் பாத்திரம் எங்கே விழுந்தது என்று அவருக்குக் கடைசிவரை நினைவு வரவில்லை.

அப்படிப்பட்டவர், இதயத்தில் கோளாறு என்று தெரிந்த பிறகு, தன் உடம்பை எங்கள் கல்லூரிக்கே எழுதிவைத்துவிட்டேன் என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "உங்களுக்கென்ன பைத்தியமா சார்? கல்லு மாதிரி பாத்தாங்கன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"அன்னிக்கு என்னைக் கேட்டா பண்ணாங்க? இது நானா குடுக்கறது."

"பயமா இல்லையா?"

"பயமில்லாம? நடுங்குது. கத்திக்கு இல்ல. பசங்க என்னைச் சுத்தி நின்னுக்கிட்டு, மத்தியானம் என்ன டிபன்னு பேசிச் சிரிப்பாங்க பாருங்க, அதுக்கு." பிறகு சொன்னார்: "பயம் போயிடுச்சுன்னா எதிர்ல இருக்கறது வெறும் சாமான். அங்க ஒருத்தராச்சும் என்னைப் பாத்துப் பயப்படணும். அது நீங்களா இருங்க."

பேச்சோடு போகட்டும் என்று விட்டுவிட்டேன். பேச்சோடு போகவில்லை. வண்டி போனது, வந்தது. உடம்பு கெடாமலிருக்க மருந்தேற்றிக் கீழ்த்தளத்தில் வைத்தார்கள். புதிய மாணவர்கள் வரும்வரை நான் அந்தப் படிக்கட்டையே விட்டுவிட்டுப் பின்பக்கமாகச் சுற்றிப் போனேன். எத்தனையோ உடம்புகளைப் பார்த்தவள், ஒரு கதவுக்குப் பயந்து சுற்றினேன். எங்கள் துறைத் தலைவர் நல்லவர். "தெரிஞ்சவர்னா கஷ்டம்மா. வேற காலேஜுக்கு மாத்திடலாம், நீங்க சரின்னா போதும்" என்றார். தலையை ஆட்டியிருந்தால் முடிந்திருக்கும். வேதா அக்காவிடம் கேட்டேன். "நீங்க இருக்கீங்கன்னுதான் அங்க எழுதினாரு. முடியலேன்னா அனுப்பிடுங்க டாக்டர். அவரு கோச்சுக்க மாட்டாரு" என்றார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

மாற்ற வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

போன திங்கட்கிழமை முதல் வகுப்பு. வெள்ளைக் கோட்டு மடிப்புக் கலையாமல் பிள்ளைகள் வந்தார்கள். அவர் சொன்னதுபோலவே ஒரு பையன் கேன்டீன் பூரியைப் பற்றி ஏதோ சொல்ல, நாலு பேர் சிரித்தார்கள். யாருடைய உடம்பு என்று நான் சொல்லவில்லை, சொல்லவும் கூடாது. முகத்துத் துணியை விலக்கப் போனேன். கை நடுங்கி, பிடித்த துணி நழுவி அவர் மார்பின் மேல் விழுந்தது. முன்னால் நின்ற பெண், "மேடம், உடம்பு சரியில்லையா?" என்றாள்.

"நல்லாத்தாம்மா இருக்கேன். பயமா இருக்கு" என்றேன்.

பூரிப் பேச்சு நின்றது. அந்தப் பையன் அனிச்சையாகச் செருப்பைக் கழற்றப் போய், கூடத்தில் வெறுங்காலோடு நிற்கக் கூடாது என்ற விதி நினைவுக்கு வந்து மறுபடி மாட்டிக்கொண்டான்.

அவருடைய புத்தகங்கள் நூலகத்துக்குப் போய்விட்டன. மூக்குக்கண்ணாடியை வேதா அக்கா வைத்துக்கொண்டார். எனக்கு அவர் விட்டுப்போனது இந்தப் பயம். அதற்கு மருந்து தேட மாட்டேன். இன்று காலையிலும் கத்தியை எடுக்குமுன் கை நடுங்கியது.

அசையறேன், சார்.