அவளை மட்டும் ஜெயித்த உத்தி

பல வருஷம் நான் அதற்குப் போட்டி மனப்பான்மை என்று கௌரவமாகப் பெயர் வைத்திருந்தேன். பொறாமைதான். அப்பட்டமான வயிற்றெரிச்சல்.

தொண்ணூறுகளின் நடுவில், அடையாறு பக்கம் ஒரு கல்லூரியில் நானும் அவளும் எம்.எஸ்ஸி. கடைசி வருஷம். அவள் மயிலாப்பூர். வீட்டிலேயே கம்ப்யூட்டர் இருந்தது. எங்கள் வீடு தியாகராய நகரில் அப்பாவின் ஜவுளிக்கடைக்கு மேலே. நான் கல்லூரி கம்ப்யூட்டருக்குப் பெயர் எழுதிவைத்துக் காத்துக் கிடக்க வேண்டும். "ஆத்துல புரோகிராமை ஓட விட்டுட்டுப் பாட்டு கிளாஸுக்குப் போனேன், திரும்பி வரச்சே முடிஞ்சிருந்தது" என்று அவள் சாதாரணமாகத்தான் சொல்வாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

எங்கள் பேராசிரியரிடம் ஆராய்ச்சிக்கு ஒரே ஓர் இடம் இருந்தது. எங்கள் இருவரில் யாருக்கு என்று ஒரு போட்டி வைத்து முடிவு செய்வதாகச் சொன்னார். அப்பாவும் தெளிவாகச் சொல்லிவிட்டார். "எடம் கெடச்சா படி. இல்லன்னா சேலை செக்ஷனைப் பாத்துக்க."

இரண்டு பேர் ஆடும் ஆட்டம். ஒவ்வொரு சுற்றிலும் எதிராளியோடு ஒத்துப்போகலாம், அல்லது காலை வாரலாம். ஒத்துப்போனால் இருவருக்கும் நல்ல புள்ளி. ஒருவர் மட்டும் வாரினால் அவருக்குக் கொள்ளை லாபம், மற்றவருக்குப் பூஜ்யம். இருவரும் வாரினால் இருவருக்கும் சொற்பம்தான். எப்போது எதைச் செய்வது என்ற உத்தியை நாங்களே எழுதக் கூடாது, கம்ப்யூட்டருக்குள் வளர்க்க வேண்டும். நூறு உத்திகளை மோதவிட்டு, நன்றாக ஆடியவற்றைக் கலந்து அடுத்த தலைமுறையை உண்டாக்கி, அவற்றையும் மோதவிட வேண்டும். எதிராளிகளும் கூடவே வளர வேண்டும். அதுதான் அந்த முறையின் உயிர்.

ஒரு நாள் அவளே தன் உத்தி இருந்த பிளாப்பியைக் கொடுத்தாள். "இதுதான் கடைசி, இனிமே தொடப் போறதில்லை. உன்னோடதோட மோத விட்டுப் பாருடி." மோத விட்டேன். என்னுடையது மண்ணைக் கவ்வியது. அன்று ரங்கநாதன் தெருக் கூட்டத்தில் இடிபட்டு வீட்டுக்குப் போனதுகூட எனக்கு உறைக்கவில்லை.

மறுநாள் என் மற்ற எதிராளிகளை எல்லாம் அழித்தேன். அவளுடையதை மட்டும் வைத்துக்கொண்டேன். மூன்று வாரம், தலைமுறை தலைமுறையாக, அது ஒன்றோடு மட்டுமே சண்டை. ஒருமுறை காலை வாரினால் அவளுடையது மன்னித்துவிடும் என்பதை என்னுடையது கண்டுபிடித்தது. மன்னிக்க மன்னிக்க வாரியது. எனக்கு இனித்தது.

போட்டியன்று முதல் ஆட்டமே எங்கள் இருவருக்கும். அடித்து நொறுக்கினேன். அவள் முகத்தைத் திரும்பிப் பார்த்தேன், வெட்கமில்லாமல்.

அப்புறம் பழைய மாணவர்கள் விட்டுப்போன உத்திகள் வரிசையாக வந்தன. அவையும் இருக்கும் என்று பேராசிரியர் முதல் நாளே சொல்லியிருந்தார், என் காதில்தான் ஏறவில்லை. அவற்றில் ஒன்றுகூட மன்னிக்கிற ரகம் இல்லை. என்னுடையது எல்லாரிடமும் உதை வாங்கிக் கடைசியில் நின்றது. அவள் முதலிடம்.

பேராசிரியர் தாளைப் பார்த்துக்கொண்டே, "யாரோ ஒருத்தரையே பாத்து வளந்திருக்கும்மா இது" என்றார்.

வெளியே வந்ததும் அவள் கேட்டாள். "என்னை மட்டும் எப்படிடி அடிச்சுது?"

"உன்னோடதை மட்டும் வச்சுத்தான் வளத்தேன். மூணு வாரமா." பொய் சொல்லத் தெம்பில்லை. அதோடு விட்டிருக்கலாம், ஆனாலும் கேட்டேன். "நீ என்னோடதை வச்சு ஓட்டிப் பாக்கணும்னு நெனச்சியா?"

அவள் உண்மையாகவே யோசித்தாள். "இல்லையே. எனக்குத் தோணவே இல்லடி."

துளி வஞ்சம் இல்லை அந்தக் குரலில். இடம் போனதற்கு நான் அழவில்லை. அந்த ஒரு வார்த்தைக்குத்தான், குழாயடியில் முகம் கழுவுகிற சாக்கில் நின்று அழுதேன்.