மேனேஜருக்கும் ஓர் அறை

கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பதுதான் அவள் பிழைப்பு. பழக வருகிறவர்கள் கியரைத் தொடும்போதெல்லாம் "கிளட்ச், கிளட்ச்" என்று அவள் போடும் சத்தம் தெருமுனை வரை கேட்கும். அதனால் ஊருக்கே அவள் கிளட்ச் டீச்சர். தபால்காரரிலிருந்து பல் டாக்டர் வரை பாதி ஊர் அவளிடம் பழகியதுதான். ஆனால் அவள் மட்டும் ஊர் எல்லையைத் தாண்டிக் கார் ஓட்டிப் போனதில்லை. பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, பயிற்சிக் காருக்கே உரிய அந்த இரண்டாவது பிரேக்கின் மேல் பாதத்தை வைத்துக்கொண்டு, மற்றவர்கள் ஓட்டுவதைப் பார்த்தே ஐம்பது வயதைக் கடந்துவிட்டாள்.

பயிற்சிப் பள்ளியின் முதலாளி உடம்புக்கு முடியவில்லை என்று பள்ளியை மூடினார். போகும்போது பழைய காரை அவளுக்கே கொடுத்தார். என்ன செய்வது என்று அவள் முழித்துக்கொண்டிருந்தபோது, தூரத்து ஊர் ஒன்றில் பெண்களுக்கென்றே தொடங்கிய பயிற்சிப் பள்ளியிலிருந்து வேலைக்கு அழைப்பு வந்தது. போய்ச்சேர ஒன்றரை நாளாகும். வழியில் ஓர் இரவு எங்காவது தங்கியாக வேண்டும்.

அவளோடு கிளம்பியவர்கள் இரண்டு பேர். ஒருத்தி அக்கா. தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். இன்னொருவர் மேனேஜர். குட்டியாகப் பள்ளிக்குள் நுழைந்த முதல் நாளே முதலாளியின் நாற்காலியில் ஏறிப் படுத்துக்கொண்டதால் அந்த நாய்க்கு அப்படிப் பெயர் வந்தது. இப்போது வயதாகி, ஆள் கனத்து, இடுப்பில் வலி வேறு.

அக்காவுக்கு நாய் என்றால் ஆகாது. டீச்சர் அதை வீட்டுக்குக் கூட்டிவந்து, ஒரே வீட்டில் இத்தனை வருஷம் இருந்தும் அதைத் தொட்டதில்லை. காரில் அவள் முன்னால், மேனேஜர் பின்னால். ஊரைத் தாண்டியதும் மேனேஜர் இரண்டு இருக்கைக்கும் நடுவே மூஞ்சியை நீட்டி அக்காவின் கழுத்தில் மூச்சு விட்டது. அக்கா அலறவில்லை. தன் பக்கத்து இரண்டாவது பிரேக்கில் காலை அழுத்தினாள். கார் நடுச்சாலையில் குலுங்கி நின்றது. பின்னால் வந்த லாரிக்காரர் ஹார்னிலேயே திட்டிவிட்டுப் போனார்.

"அக்கா, பிரேக்லேருந்து கால எடு."

"நான் எங்க அழுத்தினேன்? கால் அதுவா போச்சு. முதல்ல அத உக்காரச் சொல்லு."

சாயங்காலம் முதல் விடுதியை அடைந்தார்கள். முந்தின நாளே அக்கா போனில் பேசி அறை சொல்லி வைத்திருந்தாள். வரவேற்பில் இருந்த பெண் மலர்ந்த முகத்தோடு எழுந்தாள்.

"வாங்கம்மா. உங்க மேனேஜருக்குத் தனி ரூம் போட்டிருக்கோம். டிவி இருக்கு, மேசை இருக்கு. சார் எங்க?"

டீச்சர் அக்காவைப் பார்த்தாள். அக்கா மின்விசிறியைப் பார்த்தாள். அந்த நேரம் பார்த்து சார் நொண்டிக்கொண்டே உள்ளே வந்து, குளிர்ந்த தரையில் பொத்தென்று விழுந்து பெருமூச்சு விட்டார்.

வரவேற்புப் பெண் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஆனாலும் முடியாது என்று தலையாட்டிவிட்டாள். "கோவிச்சுக்காதீங்கம்மா. நாய விட்டா என் வேலை போயிடும்."

வெளியே வந்ததும் டீச்சர் கேட்டாள். "ஏன்க்கா, நாய்னு சொல்றதுக்கு என்ன?"

"நாய்னா குடுக்க மாட்டான். பேரத்தானே சொன்னேன்? பொய் ஒண்ணும் சொல்லலியே."

அடுத்த விடுதியில் கணக்கர் ஒரு வழி சொன்னார். "நாயக் கார்லயே விட்டுடுங்க. உங்க ரெண்டு பேருக்கும் ரூம் தரேன்."

"காலைலேருந்து நான் இதத்தான் தலைபாடா அடிச்சுக்கிறேன்," என்றாள் அக்கா.

நாள் முழுக்க ஓட்டியதில் டீச்சருக்கு முதுகு விட்டுப்போயிருந்தது. வாதாடத் தெம்பில்லை. ஒரு கிண்ணத்தில் தண்ணீர் வைத்து, கண்ணாடிகளைப் பாதி இறக்கிவிட்டு, மேனேஜரின் தலையைத் தடவிவிட்டு மாடியேறினாள். கட்டிலில் உட்கார்ந்தவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

அக்கா முகம் கழுவி வந்து, துண்டும் கையுமாக ஜன்னல் திரையை விலக்கினாள். கீழே கார் தெரிந்தது. மேனேஜர் எப்படியோ முன்பக்கம் வந்து, ஓட்டுநர் இருக்கையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது. குரைக்கவில்லை, ஊளையிடவில்லை. விடுதி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தது. வாசலில் யார் வெளியே வந்தாலும் காதைத் தூக்கியது. வந்தது வேறு யாரோ என்று தெரிந்ததும் காதைத் தொங்கவிட்டது.

அக்கா வெகுநேரம் நின்றாள். பிறகு துண்டை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

"கிளம்புடி."

"எங்க?"

"எங்கயோ. அவன் அப்படி உக்காந்திருக்கறதப் பாத்துட்டு எனக்கு இங்க சோறு இறங்காது."

அவன் என்று அக்கா சொன்னதை டீச்சர் கவனித்தாள். கவனித்ததைக் காட்டிக்கொள்ளவில்லை.

காரில் உட்கார்ந்ததும் அக்கா போனை எடுத்தாள். அந்தக் காலத்துத் தொலைபேசி நிலையக் குரல் தானாக வந்துவிட்டது. "வணக்கம். நாங்க ரெண்டு பேர், கூட ஒரு நாய். பெரிய நாய். குறட்டை விடுவான். இடம் இருக்கா, இல்லையா? சுத்தி வளைக்காமச் சொல்லிடுங்க." சிலர் பட்டென்று வைத்தார்கள். ஒருவர் சிரித்தார். அக்கா அசரவில்லை. ஆற்றுப் பாலத்துக்கு அப்பால் சின்ன விடுதி வைத்திருந்தவர் மட்டும் எதிர்க்கேள்வி கேட்டார்.

"படி ஏறுமாங்க?"

"ஏற மாட்டான். இடுப்பு வலி."

"மேல ரூம்தான் காலியா இருக்கு." கொஞ்சம் யோசித்தார். "சரி, வாங்க. கீழ என் ஆபீஸ் ரூம ஒதுக்கித் தரேன்."

அவர்கள் போய் இறங்கியபோது விடுதிக்காரர் மேசையை வராந்தாவில் இழுத்துப் போட்டு, உள்ளே இரண்டு கட்டில் விரித்து, மூலையில் பழைய கம்பளம் ஒன்றையும் மடித்துப் போட்டிருந்தார். மேனேஜர் எதையும் விசாரிக்காமல் நேரே கம்பளத்துக்குப் போனது.

"உங்களுக்குத்தான் ரொம்பச் சிரமம்," என்றாள் டீச்சர்.

"நாயால எனக்கு இதுவரைக்கும் ஒரு நஷ்டமும் இல்லம்மா. கல்யாணக் கோஷ்டி வந்துதான் தலையணையெல்லாம் தூக்கிட்டுப் போயிட்டாங்க."

அக்கா அன்று வாய்விட்டுச் சிரித்தாள். சாப்பாட்டில் பாதியைத் தட்டோடு கம்பளத்துப் பக்கம் தள்ளிவிட்டு, தனக்குப் பசியில்லை என்றாள்.

மறுநாள் மேனேஜருக்குக் காரில் ஏற முடியவில்லை. முன்னங்காலை வைத்துவிட்டு நின்றது. டீச்சர் முன்பக்கம் பிடித்தாள். பின்பக்கம் பிடிக்க ஆளைத் தேடித் திரும்பியபோது, அக்காவே புடவையைச் செருகிக்கொண்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டு, இரண்டு கையாலும் தூக்கிவிட்டாள். அவள் முகம் விளக்கெண்ணெய் குடித்த மாதிரி இருந்தது. தூக்கியவள் கை கழுவக் குழாயைத் தேடிப் போகவில்லை.

மதியம் புது ஊர் வந்து சேர்ந்தார்கள். டீச்சரிடம் முதலில் பழக வந்தவள் ஒரு நர்ஸ். ஸ்டியரிங்கைப் பிடித்தவள் சாவியைத் திருப்பவே இல்லை. "பயப்படாதே. நானே போன வாரம்தான் முதல் தடவையா ஊரத் தாண்டி ஓட்டினேன்," என்றாள் டீச்சர். நர்ஸ் நம்பவில்லை. ஆனால் சாவியைத் திருப்பினாள்.

அக்கா புது வீட்டில் சும்மா இருக்கவில்லை. அக்கம்பக்கத்தில் நாய் வளர்ப்பவர்கள் எங்காவது கிளம்பினால் அவளிடம்தான் வருகிறார்கள். அவள் போனை எடுத்து, எந்த ஊர் விடுதிக்காரரானாலும் பேசியே கரைத்துவிடுகிறாள். நேற்றுகூட ஒருவருக்காகப் பேசிக்கொண்டிருந்தாள்: "சார், நாய் ரொம்ப சாது. கூட வர்ற ஆளுக்கு மட்டும் நான் உத்தரவாதம் தர முடியாது."