காற்று எத்தனை மணிக்கு நிற்கிறது?

"உங்க பொண்ணுக்கு எத்தனாவது நம்பர்?"

சென்னையில் ஓர் ஆராய்ச்சி நிறுவனம். போன மாதம், பி.எச்டி. நேர்முகத் தேர்வு. வராந்தாவில் வரிசையாகப் பிளாஸ்டிக் நாற்காலிகள். கேட்டவர், மகனை உள்ளே அனுப்பிவிட்டுக் கதவையே பார்த்துக்கொண்டிருந்த ஓர் அம்மா. அவர் கேட்டது என்னிடம் இல்லை. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கலாவிடம்.

கலா சிரித்துக்கொண்டே ஃபைலைத் தூக்கிக் காட்டினாள். "நாந்தாங்க கேண்டிடேட். பதினொண்ணு."

அந்த அம்மா பதறிப்போய், "நல்லாப் பண்ணுங்க மேடம்" என்றார்.

கலா என் தம்பி பாண்டியின் மனைவி. வயது முப்பத்தாறு. ஆறாம் வகுப்புப் படிக்கிற மகள் இருக்கிறாள். வீடு உத்தமபாளையம். அனுமந்தன்பட்டியில் ஒரு பள்ளியில் பிளஸ் டூவுக்கு இயற்பியல் எடுக்கிறாள். எம்.எஸ்சி. முடித்த நாளிலிருந்து பி.எச்டி. கனவு. கல்யாணம், குழந்தை, பள்ளிக்கூடம் என்று பத்துப் பன்னிரண்டு வருஷம் ஓடிவிட்டது.

இவள் எப்படி இந்த நாற்காலிக்கு வந்து சேர்ந்தாள் என்பதைச் சொல்ல வேண்டும். அதற்கு இரண்டு ஆடி மாதம் பின்னால் போக வேண்டும்.

ஆடியில் எங்கள் பள்ளத்தாக்கில் அடிக்கிற காற்றைத் தேனிப் பக்கம் வந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஸ்கூட்டரில் போனால் ஸ்கூட்டர் ஒரு பக்கம், நாம் ஒரு பக்கம். பள்ளியில் அறிவியல் கண்காட்சி வந்தது. கலா தன் மாணவிகளை வைத்து ஒரு காற்றுமானி செய்தாள். பழைய சைக்கிள் வீலின் நடுப்பகுதி, நாலு பிளாஸ்டிக் கப், அதில் ஒன்றுக்கு மட்டும் சிவப்புப் பெயிண்ட். ஒரு நிமிஷத்தில் சிவப்புக் கப் எத்தனை முறை சுற்றுகிறது என்று எண்ண வேண்டும். அவ்வளவுதான். பள்ளியின் மொட்டை மாடியில் மாட்டிவிட்டார்கள்.

அதே சமயம் வீட்டில் ஒரு பிரச்சினை. என் தம்பி தினமும் லேட்டாக வந்தான்.

அவனுக்கு ராயப்பன்பட்டிப் பக்கம், மலையடிவாரத்தில் திராட்சைத் தோட்டம். ஏன் லேட் என்று கேட்டால் ஒரே பதில்தான் — "காத்து நிக்கல. காத்தோட மருந்து அடிச்சா பக்கத்துத் தோட்டத்துக்குத்தான போயிச் சேரும்? நிக்கட்டும்னு உக்காந்திருந்தேன்."

கலா எனக்குப் போன் செய்தாள்.

"மதினி, எங்க ஸ்கூல் மாடியில அஞ்சு மணிக்கெல்லாம் கப்பு அசையாம நிக்குது. அங்கன மட்டும் ஏழு மணி வரைக்கும் காத்தா? நடுவுல என்ன கடலா கெடக்கு? ஒங்க தம்பி புளுகுறாக."

நான் என்ன சொல்ல? புருஷனைச் சந்தேகப்படுகிறவளுக்கு நாத்தனார் என்ன ஆறுதல் சொன்னாலும் எடுபடாது. சும்மா இருந்தேன்.

கலா சும்மா இருக்கவில்லை. இரண்டாவதாக ஒரு காற்றுமானி செய்தாள். "பிள்ளைக ப்ராஜெக்ட்" என்று சொல்லித் தோட்டத்துக் கல்தூணில் கட்டினாள். ஒரு நாள் ஸ்பெஷல் கிளாஸ் முடிந்ததும் மாடிக்குப் போய்ப் பார்த்தாள். கப் நின்றிருந்தது. சொல்லாமல் கொள்ளாமல் நேரே தோட்டத்துக்கு வண்டியை விட்டாள். மணி ஆறு. பாண்டி மருந்து டிரம் பக்கத்தில் கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருந்தான். தலைக்கு மேலே சிவப்புக் கப் கிறுகிறுவென்று சுற்றிக்கொண்டிருந்தது.

அன்றைக்கே எனக்கு மறுபடி போன். "அவுக சொன்னது நெசந்தான் மதினி."

குரலில் நிம்மதியைவிடக் குழப்பம்தான் அதிகம். சந்தேகம் புருஷன்மேலிருந்து காற்றின்மேல் தாவிவிட்டது.

ஏன் அங்கே மட்டும் நிற்கவில்லை?

விவசாய ஆபீசில் கேட்டாள். காற்றாலையில் வேலை பார்க்கிற ஓர் இன்ஜினியரைப் பிடித்துக் கேட்டாள். புத்தகங்களில் தேடினாள். மலைக்காற்று, பள்ளத்தாக்குக் காற்று என்று பொதுவாகப் போட்டிருக்கிறது. ராயப்பன்பட்டியில் ஏன் இரண்டு மணி நேரம் கூடுதல் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. அந்த சீசனும் அடுத்த சீசனும் இரண்டு இடத்திலும் எண்ணிக்கை எடுத்தாள். தோட்டத்துக் கப்பை போனில் வீடியோ எடுத்து அனுப்புகிற வேலை பாண்டிக்கு. ஏன் எதற்கு என்று தெரியாமலே அவனும் எடுத்து அனுப்பினான்.

இதற்கு நடுவில்தான் அந்தப் பழைய கனவு பலித்தது. மதுரையில் ஒரு பேராசிரியர் அவளை பி.எச்டி.க்கு எடுத்துக்கொள்ளச் சம்மதித்தார். நுழைவுத் தேர்வு பாஸ். கைடு கடிதத்தில் கையெழுத்தும் ஆகிவிட்டது. தலைப்பு நானோ தொழில்நுட்பம். எம்.எஸ்சி.யில் அவள் செய்த ப்ராஜெக்டும் நானோதான். வீட்டிலிருந்து பஸ்ஸில் போய்வரலாம். வேறென்ன வேண்டும்?

பதிவு செய்ய நாலு நாள் இருக்கும்போது சொன்னாள்: "மதினி, எனக்கு இது வேணாம்னு தோணுது. நானோவைப் பத்தி எனக்கு ஒரு கேள்விகூட இல்ல. காத்தைப் பத்தித்தான் இருக்கு."

நான் பொறுப்பான நாத்தனாராக எல்லோரும் சொல்வதையே சொன்னேன். கையில் இருக்கிற சீட்டை விடாதே. முதலில் டாக்டர் பட்டம், அப்புறம் காற்று. அன்றைக்கு எனக்கு அது ரொம்ப நியாயமாகப் பட்டது.

நேரில் சொல்லிப் பார்க்கலாம் என்று உத்தமபாளையம் போனேன். அங்கே சண்டை ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தது.

"பன்னெண்டு வருசமா நானோ நானோன்னு சொன்ன. இப்ப காத்துங்கிற. ஒரு நெலையில நிக்க வேணாமா?" — பாண்டி.

"நீங்க வாழையைப் பிடுங்கிட்டு திராட்சை போட்டப்ப, நான் ஏன்னு கேட்டேனா?"

"கேட்டியே."

"கேட்டேன். என்ன சொன்னீக? மண்ணு இதைத்தான் கேக்குதுன்னு சொன்னீக. அதுக்கு மேல நான் வாயத் தொறந்தேனா?"

பாண்டி என்னைப் பார்த்தான். நான் டிவியைப் பார்த்தேன். டிவி ஓடவில்லை.

யோசித்துப் பார்த்தால், அவள் கேட்டது சரிதானே? விவசாயி பயிர் மாற்றுகிறான், வியாபாரி சரக்கு மாற்றுகிறான். யாரும் நிற்கவைத்துக் காரணம் கேட்பதில்லை. படிப்பு மட்டும் என்ன, பஸ்ஸில் எழுதிய ஊர்ப் பெயரா? கிளம்பின பிறகு மாறக்கூடாது என்று சொல்ல?

அந்த வெள்ளிக்கிழமை, சீட்டு வேண்டாம் என்று சொல்லக் கலா மதுரைக்குப் போனாள். போனில் முடித்திருக்கலாம். நேரில் சொல்வதுதான் மரியாதை என்றாள். நல்ல திட்டு கிடைக்கும் என்று நினைத்துக்கொண்டே போயிருக்கிறாள்.

பேராசிரியர் முகம் சுருங்கியதாம். "அம்மா, உங்க அனுபவம் எல்லாம் நானோவில். காத்துன்னு போனா யாரும் எடுக்கத் தயங்குவாங்க. நல்லா யோசிச்சீங்களா?" என்றாராம். யோசித்துவிட்டேன் என்றிருக்கிறாள். அவள் எண்ணிக்கை எழுதி வைத்திருந்த நோட்டை வாங்கிப் புரட்டினாராம். பிறகு ஒரே ஒரு கேள்வி.

"ரெண்டு மானியையும் இடம் மாத்தி வச்சுப் பாத்தீங்களா?"

கலாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. வைத்துப் பார்க்கவில்லை! பள்ளியில் இருப்பது துருப்பிடித்து இறுக்கமாகச் சுற்றினால்? தோட்டத்தில் இருப்பது லேசாகச் சுற்றினால்? இரண்டு வருஷ எண்ணிக்கையும் பொய்யாகிவிடுமே?

ஆவணிக் காற்று இன்னும் ஓயவில்லை. சீட்டை விட்டுவிட்டு ஊர் திரும்பியவள், அடுத்த நாளே பள்ளியிலிருந்ததைத் தோட்டத்திலும் தோட்டத்திலிருந்ததைப் பள்ளியிலும் மாட்டினாள். இரண்டு வாரம். அந்த இரண்டு வாரமும் அவள் சரியாகச் சாப்பிடவில்லை என்று பாண்டி சொன்னான்.

மாற்றி வைத்த பிறகும் பள்ளியில் ஐந்து மணிக்குக் காற்று நின்றது. தோட்டத்தில் ஏழு மணி வரை நிற்கவில்லை.

அப்புறம்தான் வானிலையை ஆராய்கிற அந்தச் சென்னை நிறுவனத்துக்கு விண்ணப்பம். 'இந்த ஆராய்ச்சியில் உங்களுக்கு ஏன் ஆர்வம்?' என்று ஒரு பக்கம் எழுதித் தர வேண்டும். எழுதுகிறவள் ஒருத்தி குடும்பத்தில் இருக்கும்போது விடுவார்களா? என்னிடம் வந்தது. முதல் பத்தியை நானே எழுதினேன். 'சிறுவயதில் மலையிலிருந்து இறங்கி வரும் காற்று என் காதில் ரகசியம் பேசும்...' என்று ஆரம்பித்தேன். எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. கலா ஒரு தடவை படித்தாள். ஆங்கிலத்தில் மாற்றி அனுப்பிவிட்டாள்.

பதினோராம் நம்பரைக் கூப்பிட்டார்கள். உள்ளே போனவள் முக்கால் மணி நேரம் கழித்து வெளியே வந்தாள். நடந்ததை டீக்கடையில் சொன்னாள்.

முதல் கேள்வியே அந்தக் காது ரகசியம். "சின்ன வயசிலேயே காற்றின்மேல் அவ்வளவு ஆர்வமா? அப்புறம் ஏன் நானோ படித்தீர்கள்?"

"என்னடி சொன்ன?"

"அது எங்க மதினி எழுதினதுன்னு சொல்லிட்டேன்."

எனக்கு டீ புரையேறியது.

"பின்ன என்ன மதினி செய்ய? சின்ன வயசுல எனக்குக் காத்துன்னாலே ஆகாது. தாவணி நிக்காது. நெசத்தைச் சொல்லிட்டேன். வீட்டுக்காரர் லேட்டா வந்தாரு, சந்தேகப்பட்டு மெஷின் வச்சேன்னு."

தேர்வுக் குழுவில் இருந்த ஐந்து பேரும் சிரித்தார்களாம். ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாராம். சிரித்து முடித்ததும் அவர்தான் கேட்டிருக்கிறார் — "ரெண்டு கருவியையும் மாற்றி வைத்துப் பார்த்தீர்களா?"

"வச்சேன் சார். அப்பவும் அப்படித்தான்."

"காரணம் என்ன?"

"தெரியாது சார். அதைக் கத்துக்கத்தான் வந்திருக்கேன்."

அதன் பிறகு கரும்பலகைக்குக் கூப்பிட்டுக் கணக்குக் கேட்டார்கள். மூன்றில் ஒன்றுதான் வந்தது. "போச்சு மதினி" என்று டம்ளரைக் கீழே வைத்தாள். எனக்கும் போய்விட்டது என்றே தோன்றியது. மதுரை சீட்டும் இல்லை, சென்னையும் இல்லை. அன்றைக்கே பஸ் ஏறி ஊர் திரும்பினோம்.

போன புதன்கிழமை மெயில் வந்தது. இடம் உண்டு. ஒரு நிபந்தனை — முதல் வருஷம் இரண்டு கணிதப் பாடங்களை, இப்போதுதான் டிகிரி முடித்த பிள்ளைகளோடு உட்கார்ந்து படித்து பாஸ் செய்ய வேண்டும். கலா மெயிலை மூன்று தடவை படித்தாள். பிறகு வீட்டு வாசல் பெஞ்சில் உட்கார்ந்து அழுதாள். மகள்தான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். முதல் போன் மதுரைப் பேராசிரியருக்கு. "காரணம் தெரிஞ்சா எனக்கும் சொல்லுங்க" என்றாராம் அவர்.

ஞாயிற்றுக்கிழமை கலாவின் சென்னை ஹாஸ்டலுக்குப் பெட்டி கட்டினோம். நான் துணிகளை மடித்துக் கொடுக்க, பாண்டி முழங்காலால் அழுத்தி ஜிப்பை இழுத்துக்கொண்டிருந்தான். கலாவுக்குத் திடீரென்று ஒரு பயம்.

"மதினி, அங்கன போனப்புறம் இந்த ஆசையும் மாறிப்போச்சுன்னா?"

நான் அடுத்த துணியை எடுத்து மடித்தேன். பாண்டி நிமிரவே இல்லை.

"மாறுனா மாறுது. போனைப் போடு, வந்து வேற பஸ்ல ஏத்தி விடுறேன்."

எத்தனையோ கல்வி வழிகாட்டிக் கூட்டங்களில் மேடையேறிப் பேசியிருக்கிறேன். இந்த ஒரு வரி எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை!