பேட்டரி இல்லாத ஜீப்

இது நடந்தது. நடந்த இடத்தையும் அந்த ஜீப்பையும் நான் பார்த்திருக்கிறேன். யாருக்கு நடந்ததோ அந்த ஆளை அதைவிட நன்றாகத் தெரியும். அவர் கதை விடுகிற ஆள் இல்லை. சொல்லப்போனால் இதை யாரிடமும் சொல்லாமலே காலத்தை ஓட்டிவிடலாம் என்று பார்த்தவர். பேய் என்றால் நடுராத்திரியில்தான் வரும் என்று நம்புகிறவர்கள் முதலில் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மாலை நான்கு மணி பத்து நிமிடம். 1999 நவம்பர் 9, செவ்வாய்க்கிழமை.

ஆள், அழகுமுத்து. மஸ்கெலியாவுக்கு மேலே ஒரு தோட்டத்தில் ஜீப் டிரைவர். தோட்டத்தின் பெயர் வேண்டாம், அங்கே இன்னும் சம்பந்தப்பட்டவர்கள் இருக்கிறார்கள். ஆனால் செவ்வாய்க்கிழமைக்கு வருவதற்கு முன்னால் மூன்றரை வருஷம் பின்னால் போக வேண்டும். அங்கே அவர் செய்த காரியத்தைச் சொல்லாவிட்டால் இந்தக் கதையே இல்லை.

1996 மார்ச் 17, ஞாயிறு. உலகக் கிண்ண இறுதியாட்டம். இலங்கை முழுக்க டிவிக்கு முன்னால் உட்கார்ந்திருந்த நாள். தோட்டத்து மேனேஜர், பெரிய துரை, காரை எடுத்துக்கொண்டு கொழும்புக்கே போய்விட்டார். அப்போது தொழிலாளர்கள் வரிசை வீடுகளில் குடியிருந்த லயத்துக்குக் கரண்ட் கிடையாது. டிவி வைத்திருந்த ஒன்றிரண்டு வீட்டில் வாகனப் பேட்டரியில்தான் படம் பார்ப்பார்கள். பேட்டரி இறங்கினால் டவுனுக்குத் தூக்கிப்போய் சார்ஜ் ஏற்றிக்கொண்டு வருவார்கள். மேல் லயத்து வீரம்மா வீட்டுப் பேட்டரி அன்றைக்கென்று பார்த்து மத்தியானமே உயிரை விட்டது. வாசலில் அறுபது பேர். எல்லார் முகமும் செத்துப்போயிற்று.

"ஏன் இப்பிடி ஒக்காந்திருக்கீங்க? எங்கிட்ட ஒண்ணு சும்மா கெடக்கு, கொண்டாறேன்" என்றார் அழகுமுத்து.

சும்மா கிடக்கவில்லை. தோட்டத்து ஜீப்பில் கிடந்தது. அதைக் கழற்றி டிவிக்குக் கொடுத்தார். யாராவது பொனட்டைத் திறந்து பார்த்தால் சந்தேகம் வரக்கூடாது என்று, ஷெட்டில் தூக்கிப்போட்டிருந்த பழைய பேட்டரி ஒன்றை அந்த இடத்தில் வைத்து வயரையும் மாட்டினார். உள்ளே தகடே இல்லாத வெறும் பெட்டி அது. டிவி வெளிச்சம் வந்ததும் சனம் கைதட்டியது. அவரை முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். அந்தக் கைதட்டல் அவருக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

ஆறே முக்காலுக்கு மாயாண்டி ஓடி வந்தான். கீழ் லயத்துப் பொடியன், மலையில் புல்லு வெட்டுகிறவன். பெண்சாதி மீனம்மாவுக்கு வலி கண்டுவிட்டது. தலைப்பிள்ளை. ரத்தம் போகிறது. ஜீப்பை எடுக்க வேண்டும்.

அந்த நிமிஷம் வாயைத் திறந்திருக்கலாம். பேட்டரி கூப்பிடு தூரத்தில் இருந்தது. கழற்றி மாட்டப் பத்து நிமிடம் போதும். ஆனால் தோட்டத்துச் சாமானை எடுத்தது தெரிந்தால் வேலை போகும். சும்மா கிடந்தது என்று பீற்றிக்கொண்ட பிறகு அறுபது பேருக்கு முன்னால் எப்படிப் போய்க் கழற்றுவது? "மேட்ச்சும் ஒரு காரணம்தாங்க" என்று என்னிடம் சொல்லும்போது அழகுமுத்து தரையைத்தான் பார்த்தார்.

ஆகவே அவர் நடித்தார். மீனம்மாவைக் கம்பளியில் சுற்றி முன்சீட்டில் உட்கார வைத்தார்கள். இவர் பொனட்டைத் தூக்கிவிட்டு அங்கே தட்டினார், இங்கே தட்டினார். வயரை ஊதினார். பழைய ஜீப்பில் பொனட்டைத் தூக்கினால் கண்ணாடிக்குக் கீழே ஒரு கையகலச் சந்து தெரியும். சீட்டில் இருக்கிறவர் அந்தச் சந்து வழியாக, வேலை செய்கிறவரின் கையைப் பார்க்கலாம். மீனம்மா பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அண்ணே, இன்னும் எவ்வளவு நேரமாகும்?"

"இந்தா, அஞ்சு நிமிஷம்மா."

தள்ளிப் பார்க்கலாம் என்று மாயாண்டி ஆள் சேர்த்தான். பேட்டரியில் கொஞ்சமாவது உயிர் இருந்தால்தான் அந்தப் பெட்ரோல் ஜீப் தள்ளிப் பிடிக்கும். இது தெரிந்தே ஸ்டியரிங்கில் உட்கார்ந்து மூன்று தடவை தள்ளவிட்டார். மீனம்மா பக்கத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். மூன்று தடவையும் கேட்டாள். மூன்று தடவையும் அதே அஞ்சு நிமிஷம். கடைசியில், "ஸ்டார்ட்டர் மோட்டார் போயிருச்சு" என்று கையை விரித்துவிட்டார். ஏழு இருபதுக்குக் கம்பளியில் கம்பைக் கோர்த்துத் தொட்டில் கட்டி, குறுக்குப் பாதையில் அவளைத் தூக்கிக்கொண்டு போனார்கள். ஆஸ்பத்திரி வாசலில் தாயும் போனாள், பிள்ளையும் போயிற்று. லயத்தில் பட்டாசு வெடித்தது.

மறுநாள் விடியுமுன்னே பேட்டரியை ஜீப்பில் திரும்ப மாட்டிவிட்டார். ஸ்டார்ட்டரைச் சரிசெய்துவிட்டதாகச் சொன்னார். யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

இப்போது அந்தச் செவ்வாய்க்கிழமை.

மஸ்கெலியாவில் தபாலைக் கொடுத்துவிட்டு அழகுமுத்து தனியாகத் திரும்பிக்கொண்டிருந்தார். நீர்த்தேக்கத்துக்கு மேலே ஒரு வளைவு. மழை விட்டிருந்தது. மூடுபனி அடைத்துக்கொண்டிருந்தது. நடுரோட்டில் ஒரு கல் உருண்டு கிடந்ததால் வண்டியை நிறுத்தினார். பெட்ரோலை மிச்சம் பிடிக்கிற பழக்கத்தில் இன்ஜினையும் நிறுத்தினார். இறங்கிக் கல்லை ஓரமாகத் தள்ளிவிட்டு வந்து ஏறினார். மணி நான்கு பத்து.

ஸ்டார்ட்டர் பட்டனை அமுக்கினார். சத்தமே இல்லை. 'டிக்' என்றுகூட இல்லை.

இருபது வருஷ டிரைவருக்கு இது பெரிய விஷயமில்லை. பார்ப்பதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில் லைட்டைப் போட வேண்டும். போட்டுக்கொண்டே பட்டனை அமுக்க வேண்டும். லைட் மங்கினால் பேட்டரியில் கோளாறு. மங்காவிட்டால் வயர், சுவிட்ச், கடைசியில் மோட்டார். அவர் லைட்டைப் போட்டார். பனியில் வெள்ளையாக அடித்தது. பட்டனை அமுக்கினார். மங்கவில்லை. பேட்டரி நல்லாயிருக்கு என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டார்.

நான்கு பதினான்கு. பொனட்டைத் தூக்கினார். பேட்டரி டெர்மினல் இரண்டையும் ஆட்டிப் பார்த்தார். இறுக்கமாக இருந்தன. ஸ்டார்ட்டர் சுவிட்சின் இரண்டு முனையையும் ஸ்பேனரால் சேர்த்து வைத்தார். இப்படி வைத்தால் பொறி பறக்க வேண்டும்.

பறக்கவில்லை. ஸ்பேனர் ஐஸ் மாதிரிக் குளிர்ந்தது.

ஸ்டார்ட்டர் பல்லு மாட்டிக்கொண்டிருக்கும் என்று நினைத்தார். வண்டியை ஆட்டிவிட்டால் விடுபடும். கியரை எடுத்தார். ஹேண்ட் பிரேக்கை விட்டார். நல்ல இறக்கம். விட்டால் ஓட வேண்டிய வண்டி.

ஓடவில்லை.

இறங்கிச் சில்லுகளைப் பார்த்தார். எந்தச் சில்லின் கீழேயும் கல் இல்லை. தோளைக் கொடுத்துத் தள்ளினார். மலையைத் தள்ளுவது போலிருந்தது.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. கைதட்டல். ஐம்பது அறுபது பேர் சேர்ந்து தட்டுகிற கைதட்டல். மணி நான்கு இருபத்தாறு. சத்தம் கீழேயிருந்து வந்தது. கீழே லயம் இல்லை, வீடு இல்லை. தண்ணீர்தான் இருக்கிறது…

வேலையைப் பார், வேலையைப் பார் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு திரும்பவும் பொனட்டுக்குள் குனிந்தார்.

பேட்டரி வயர் இரண்டும் கழன்று தொங்கின.

இப்போதுதான் இறுக்கமாக இருந்தன. லைட் இன்னும் எரிந்துகொண்டிருந்தது…

பேட்டரியைத் தொட்டார். லேசாக நகர்ந்தது. தூக்கினார். காலி பிஸ்கட் டின் மாதிரி ஒற்றைக் கையோடு வந்தது. உள்ளே ஒன்றுமே இல்லை.

வெறும் பெட்டி.

ஜீப் ஆடியது. பின்னாலிருந்து யாரோ தள்ளுகிறார்கள். ஒருவர் இல்லை. பலர். மூச்சு வாங்குகிற சத்தம்… ஈரத் தரையில் கால் வழுக்குகிற சத்தம்…

ஒரு தடவை.

இரண்டு தடவை.

மூன்று…

நிமிர அவருக்குத் தைரியம் வரவில்லை. குனிந்தபடியே இருந்தார். கண்ணுக்கு நேரே அந்தச் சந்து. சந்துக்கு அந்தப் பக்கம் முன்சீட்டு. சீட்டில் ஒரு கம்பளியின் ஓரம்.

கம்பளி மூச்சு விட்டது.

"அண்ணே…"

பழகின குரல். பல்லைக் கடித்துக்கொண்டு வருகிற குரல்.

"இன்னும் எவ்வளவு நேரமாகும்?"

"இந்தா, அஞ்சு நிமிஷம்மா."

அவர் வாய்தான் சொன்னது. யோசிக்காமல், பழைய பொய் தானாக வந்து விழுந்தது. அந்த இடத்தில் பயத்தைவிட வெட்கம்தான் அவரை அதிகமாகப் பிடுங்கித் தின்றது. செத்தவளிடமும் அதே பொய்.

"அண்ணே… இன்னும் எவ்வளவு நேரம்?"

"அஞ்சு… அஞ்சு நிமிஷம்…"

"அண்ணே…"

அழகுமுத்து ரோட்டில் முழங்கால் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"பேட்டரி இல்ல தாயி. நாந்தான் கழட்டுனேன். நாந்தான்…"

கைதட்டல் நின்றது.

நான்கு முப்பத்தொன்று.

எவ்வளவு நேரம் அப்படியே இருந்தார் என்று தெரியவில்லை. பனி கொஞ்சம் விலகி, எதிர் மலையில் யாரோ மாட்டை அதட்டுகிற சத்தம் கேட்ட பிறகுதான் எழுந்தார். பேட்டரி அதன் இடத்தில் இருந்தது. வயர் இரண்டும் முடுக்கியபடி இருந்தன. தூக்கிப் பார்த்தார். இரண்டு கையாலும் அசைக்க முடியவில்லை. ஏறிப் பட்டனை அமுக்கினார். முதல் அமுக்கிலேயே இன்ஜின் பிடித்தது. தோட்டத்துக்குப் போய்ச் சேரும்வரை இடதுபக்கச் சீட்டின் பக்கம் திரும்பவே இல்லை.

அன்றிரவு அவர் தூங்கவில்லை. செத்தவளிடம் சொன்னது போதாது, உயிரோடு இருக்கிறவனிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றிவிட்டது. சொன்னால் வேலை போகும். போலீஸ் வந்தாலும் வரும். மாயாண்டி கத்தியை எடுத்தாலும் எடுப்பான், புல்லு வெட்டுகிறவன். மறுநாள், காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டு முடிந்து, வேலை விட்டு ஆட்கள் வந்த பிறகு, மாலை ஐந்தே காலுக்குக் கீழ் லயத்துக்குப் போனார்.

மாயாண்டி தனியாகத்தான் இருந்தான். வேறு கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. இவரைக் கண்டதும் எழுந்து, தான் உட்கார்ந்திருந்த பலகையைத் துடைத்துப் போட்டான்.

"வாங்கண்ணே. பிளேன்டீ குடிக்கிறீங்களா?"

"வேணாம் மாயாண்டி. ஒரு விஷயம் சொல்லணும். மீனம்மா விஷயம்."

அவன் முகம் கொஞ்சம் வாடியது. பிறகு அவனே சமாதானம் சொன்னான்.

"இன்னுமா அதையே நெனைச்சுக்கிட்டு இருக்கீங்க? நாங்க ஒருநாளும் உங்களக் கொற சொன்னதில்லண்ணே. தோட்டத்துல எல்லாரும் டிவிக்கு முன்னால கெடந்தப்ப நீங்க ஒருத்தர்தான் கடைசிவரைக்கும் வண்டியோட மல்லுக்கட்டுனீங்க. அது எங்களுக்குத் தெரியும்ல."

"நான் மல்லுக்கட்டல…"

"தெரியும்ணே. ஹார்ன் கேட்டுச்சே."

அழகுமுத்துவுக்குப் புரியவில்லை. "என்ன ஹார்ன்?"

"என்னண்ணே, மறந்துட்டீங்களா? அவளத் தூக்கிக்கிட்டு பாலத்தத் தாண்டிட்டோம். மேல இருந்து ஜீப்பு ஹார்ன். விட்டு விட்டு அடிச்சீங்க. எட்டு அஞ்சு, கூட வந்த கங்காணி கையில கடியாரம் இருந்துச்சு. மீனம்மாதான் மொதல்ல சொன்னா. 'அண்ணன் வண்டிய எடுத்துட்டாரு, திரும்புங்க'ன்னா. எல்லாருக்குமே கேட்டுச்சு. திரும்பி ஏறி வந்தோம். பாதி வழியில ஹார்ன் நின்னு போச்சு. வண்டியும் வரல. மறுபடி நின்னுருச்சாக்கும்னு திரும்ப எறங்குனோம். அதுல முக்கா மணி நேரம் போயிருச்சு. முக்கா மணி நேரம் முந்திக் கொண்டாந்திருந்தா ரெண்டு உசிரும் தப்பிச்சிருக்கும்னு டாக்டரு சொன்னாரு. அது உங்க தப்பில்லண்ணே. நீங்க நல்லது நெனைச்சுத்தான் கூப்பிட்டீங்க. சாகும்போதுகூட 'அண்ணன் கூப்பிட்டாரே'ன்னுதான் சொன்னா."

எட்டு ஐந்துக்கு அழகுமுத்து வீரம்மா வீட்டு வாசலில், முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். தள்ளிக்கொண்டுபோய் விட்ட ஜீப் பூட்டிய ஷெட்டில் இருந்தது. சாவி அவருடைய மடியில் இருந்தது.

பலகையிலிருந்து எழுந்து நின்று, தரையைப் பார்த்தபடி எல்லாவற்றையும் சொன்னார். டிவி, பேட்டரி, வெறும் பெட்டி, மேட்ச். ஒன்றையும் விடவில்லை. சொல்லி முடித்துவிட்டு அடிக்காகக் காத்துக்கொண்டு நின்றார். அடித்திருந்தால் நன்றாயிருந்திருக்கும் என்று இன்றைக்கும் சொல்கிறார்.

மாயாண்டி அடிக்கவில்லை. கத்தவும் இல்லை. கதவுக்கு வெளியே, இருட்டிக்கொண்டு வந்த குறுக்குப் பாதையையே பார்த்துக்கொண்டிருந்தான். பார்த்தபடியே கேட்டான்.

"ஹார்ன் அடிக்கவும் பேட்டரி வேணுமில்லண்ணே?"

"வேணும்" என்றார் அழகுமுத்து.

"அப்ப எங்களத் திருப்பிக் கூப்பிட்டது யாரு?"